லட்சத்துக்குப் பத்து ரூபாய்

அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பகலில் மண்டியில் உட்கார்ந்தபடியே நிஃப்டி ஆப்ஷன், ராத்திரி தங்கம் மினி என்று செல்போனில் கொஞ்சம் வியாபாரம் செய்கிறேன். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் எஸ்.டி.டி., சி.டி.டி. என்று வரி பிடித்துவிடுகிறார்கள். மஞ்சள் ஃப்யூச்சர்ஸுக்கு மட்டும் அது இல்லை. இந்த வரியால் மார்க்கெட்டுக்கு நல்லதா, கெட்டதா? சூதாட்டத்தைக் குறைக்கும் என்கிறார்களே, நிஜம்தானா?"

தம்பி, நான் கிருஷ்ணகிரியில் பதினாறு வருடம் ஒரு புரோக்கர் கம்பெனியின் கிளையை நடத்தியவன். இப்போது அதை மூடிவிட்டு மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மார்க்கெட்டுக்கோ சர்க்காருக்கோ வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி வாங்கி விற்கிற ஒப்பந்தம் ஃப்யூச்சர்ஸ், தங்கம் மினி அதில் ஒரு சிறிய தங்க ஒப்பந்தம். குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ கிடைக்கிற உரிமை ஆப்ஷன், அதற்குக் கொடுக்கிற விலை பிரீமியம். நிஃப்டி என்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் விலைக் குறியீடு. பங்குச் சந்தையில் ஒவ்வொரு கைமாற்றுக்கும் பிடிக்கிற பரிவர்த்தனை வரி எஸ்.டி.டி., தங்கம், வெள்ளி போன்ற பொருள் சந்தையில் பிடிப்பது சி.டி.டி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரி சிறியதா பெரியதா என்பதைப் பொருளின் விலையோடு வைத்துப் பார்த்தால் தப்பான விடைதான் வரும். நடுவில் நின்று நாள் முழுக்க வாங்கி விற்கிறவனுக்கு ஒரு கைமாற்றில் என்ன மிஞ்சுகிறதோ, அதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் உண்டு. கணக்குக்காக ஐம்பது ரூபாய் என்றே வைப்போம். பண்டிகைக்குப் பத்தாயிரம் ரூபாயில் ஆடு பிடிக்க வந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விடியும் முன்பே வந்து நிற்கிற வியாபாரி ஒருவர் இருப்பார். கிராமத்திலிருந்து ஆட்டை ஓட்டி வருகிறவரிடம் வாசலிலேயே வாங்கி, எட்டு மணிக்கு வண்டியோடு வருகிற வெளியூர்க்காரருக்குக் கைமாற்றுவார். ஆட்டுக்கு நூறு ரூபாய் நின்றால் அவருக்குப் போதும், முப்பது ஆடு கைமாறினால் அன்றைய பிழைப்பு ஓடிவிடும். அவரிடமும் ஒவ்வொரு கைமாற்றுக்கும் ஐம்பது ரூபாய் கேட்டால், பத்தாயிரத்தில் அரை சதவீதமாகத் தெரிந்த சுங்கம் அவர் வருமானத்தில் பாதியாகிவிடுகிறது. அடுத்த வாரம் அவர் வரமாட்டார். தரகு வியாபாரிதானே, ஒழியட்டும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பத்து மணிக்கு ஒற்றை ஆட்டோடு வந்து நிற்கிற பாட்டியிடம் விலை கேட்கக்கூட அப்புறம் ஆளிருக்காது. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

சி.டி.டி. விஷயத்திலும் இதுதான் நடந்தது. பொருள் சந்தை ஃப்யூச்சர்ஸுக்கு வரி போடும் யோசனை 2008 பட்ஜெட்டிலேயே வந்தது. 0.017 சதவீதம் என்று சட்டத்தில் எழுதினார்கள், ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவராமலே அடுத்த வருடம் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் கொண்டுவந்தார், அந்த ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. விவசாயப் பொருள் அல்லாத ஃப்யூச்சர்ஸை விற்கிறவர் 0.01 சதவீதம் கட்ட வேண்டும், அதாவது லட்சத்துக்குப் பத்து ரூபாய். இதுக்குப் போய் ஏன் கூப்பாடு போடுகிறார்கள் என்று அப்போது நானே நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தச் சமயத்தில் தங்கம் பத்து கிராம் 26,000 ரூபாயை ஒட்டி இருந்தது. எம்.சி.எக்ஸ் என்ற பொருள் சந்தையில் பெரிய தங்க ஒப்பந்தம் ஒரு கிலோ, அதாவது 26 லட்சம் ரூபாய். விற்கும்போது வரி 260 ரூபாய். விலை நகர்வதோ பத்து கிராமுக்கு ஒரு ரூபாய் படியில், கிலோவுக்கு அது 100 ரூபாய். ஒரு படி, இரண்டு படி லாபத்தில் வாங்கி விற்று நாளைக்கு ஐம்பது தடவை சுற்றுகிறவர்களை நாங்கள் ஜாபர் என்போம். நூறோ இருநூறோ கிடைக்கிற இடத்தில் 260 வரி என்றால் அவர் உட்காரவே முடியாது. வெள்ளியில் இன்னும் மோசம். 30 கிலோ ஒப்பந்தம், கிலோ 40,000 என்று வைத்தால் 12 லட்சம். வரி 120 ரூபாய், ஒரு படியோ 30 ரூபாய். என் கிளையில் வெள்ளி மட்டுமே பார்க்கிற பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் மூன்று நாற்காலியும் காலி. ஒருவர் இன்று பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரி ஓட்டுகிறார், நன்றாகவே இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

எம்.சி.எக்ஸின் மொத்த வியாபாரம் 2012-13இல் சுமார் 148 லட்சம் கோடி ரூபாய். அடுத்த வருடம் அது சுமார் 86 லட்சம் கோடி, அதற்கடுத்த வருடம் 52 லட்சம் கோடிக்கும் கீழே. வரியை எதிர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். ஆனால் பழி முழுவதையும் சி.டி.டி. தலையில் போடுவது நியாயமில்லை. அதே 2013 ஜூலை கடைசியில் என்.எஸ்.இ.எல். என்ற, சரக்கை உடனடியாக வாங்கி விற்கிற ஸ்பாட் எக்ஸ்சேஞ்சில் பணப் பட்டுவாடா நின்றுபோய்ப் பெரிய களேபரம் ஆனது. அதை நடத்தியதும் எம்.சி.எக்ஸைத் தொடங்கிய அதே குழுமம்தான் என்பதால் நம்பிக்கையே ஆட்டம் கண்டது. ஆகஸ்டில் தங்க இறக்குமதி வரியைப் பத்து சதவீதத்துக்கு ஏற்றினார்கள், ரூபாய் வேறு சரிந்துகொண்டிருந்தது. மூன்று அடி ஒரே நேரத்தில் விழுந்தால் எந்த அடியில் பல் போனது என்று சொல்வது கடினம். ஆனால் ஜூலை முதல் வாரத்திலேயே, மற்ற இரண்டும் வருவதற்கு முன்பே, திரையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி அகன்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த இடைவெளிதான் உண்மையான செலவு. அது புரோக்கர் தருகிற பில்லான கான்ட்ராக்ட் நோட்டில் தனி வரியாக அச்சாகி வராது. அரை கிலோ தங்கம் ஸ்டாக் வைத்திருக்கிற நகைக்கடைக்காரர் விலை இறங்கிவிடுமோ என்று பயந்து ஃப்யூச்சர்ஸில் விற்று வைக்கிறார் என்றால், பத்து கிராம் லட்ச ரூபாய் என்று வைத்தால் அவருக்கு சி.டி.டி. 500 ரூபாய். ஐம்பது லட்சத்து ஸ்டாக்குக்கு 500 ரூபாய் காவல் கூலி என்று அவர் கட்டிவிடுவார். ஆனால் ஜாபர் இல்லாத சந்தையில் அவர் விற்கப் போகும்போது பத்து கிராமுக்கு இருபது ரூபாய் கீழே போய் விற்க வேண்டி வந்தால், அதில் ஆயிரம் ரூபாய் போகிறது. சர்க்காருக்குப் போனது 500, விலை இடைவெளியில் கரைந்தது 1,000. என்னைக் கேட்டால் பரிவர்த்தனை வரிகளில் இருக்கிற பெரிய குறை இதுதான்.

சரி, மஞ்சளுக்கு ஏன் இல்லை? விவசாயியின் விலைக் கண்டுபிடிப்பில் கை வைக்கிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதுதான் காரணம். மஞ்சள், சீரகம், கொத்தமல்லி, ஏலக்காய், பருத்தி, கொண்டைக்கடலை என்று 23 விவசாயப் பொருள்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆலைக்குப் போய் வந்த சர்க்கரை, சோயா எண்ணெய் போன்றவற்றுக்கு விலக்கு இல்லை. கொத்தவரை வகையைச் சேர்ந்த குவார் இருக்கிறதே, அதன் விதைக்கு வரி கிடையாது, அதை அரைத்தெடுத்த பசைக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து வியாபாரம் செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் வரி இல்லை என்பதற்காக மஞ்சள்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைக்காதீர்கள். விவசாயப் பொருள் சந்தைக்கு சர்க்கார் வைத்திருக்கிற ஆயுதம் வரி அல்ல, தடை. 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கோதுமை, நெல், பாசிப்பயறு, கச்சா பாமாயில் என்று ஏழு பொருள்களின் ஃப்யூச்சர்ஸை ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டார்கள். லட்சத்துக்குப் பத்து ரூபாய் கட்டினாலும் கடை திறந்திருக்கும் என்ற நிச்சயம் தங்கத்தில் இருக்கிறது. மஞ்சளில் வரி கிடையாது, அந்த நிச்சயமும் கிடையாது. இரண்டில் எது மேல் என்று உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்.

அப்பா என்றதும் இன்னொன்று. 0.01 சதவீதத்துக்கு அங்கலாய்க்கிற நீங்கள், மண்டியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் செஸ் போவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சி.டி.டி.யைப் போல நூறு மடங்கு அது. ஆனாலும் மண்டி நடக்கிறது. ஏனென்றால் ஒரு மூட்டை மஞ்சள் அரூரிலிருந்து ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ போய் அரைபடும் வரை நாலைந்து கைதான் மாறும், ஒவ்வொரு கையிலும் மூட்டைக்கு நூற்றுக்கணக்கில் லாபம் நிற்கும். ஃப்யூச்சர்ஸில் அதே மதிப்பு ஒரு நாளில் நூறு கை மாறும், ஒவ்வொரு கையிலும் நிற்பது சில்லறை. ஒரே சதவீத வரி ஓர் இடத்தில் கொசுக்கடி, இன்னோர் இடத்தில் பாம்புக்கடி.

ஜி.எஸ்.டி.யை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காய்ந்த மஞ்சளுக்கு 5 சதவீதம் கட்டினாலும், முந்தினவர் கட்டியதைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. பரிவர்த்தனை வரியில் அந்தக் கழிவு இல்லை. பத்துக் கை மாறினால் பத்து முறையும் முழுசாக விழும், ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். (நம் மாவட்டத்துப் புளிக்கு இந்தத் தலைவலி கிடையாது. காய்ந்த புளிக்கு இருந்த 5 சதவீதத்தை 2019 அக்டோபரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.)

அடுத்து, வரி போட்டால் வியாபாரம் எங்கே போகும் என்ற விஷயம். பட்டுக்கூடு வைத்து இதைச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் புரியும். கூட்டை அறுத்தால் ஓரிரு நாளில் விற்றாக வேண்டும், தாமதித்தால் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். அப்படியிருந்தும் பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி தருமபுரி அங்காடியை மட்டும் நம்பி இருப்பதில்லை. அங்கே விலை சரியில்லை, பிடித்தம் அதிகம் என்று பட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கர்நாடகத்து ராமநகரத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார். மாநில எல்லை அவருக்கு ஒரு டோல்கேட், அவ்வளவுதான்.

ஸ்வீடன் நாட்டில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1984இல் பங்கு வாங்கினால் அரை சதவீதம், விற்றால் அரை சதவீதம் என்று வரி போட்டார்கள். பங்குச் சந்தையில் கொழுத்த சம்பளம் வாங்குகிறவர்களைக் கண்டு தொழிற்சங்கங்கள் எரிச்சலில் இருந்த காலம், அரசியலாக அது எடுபட்டது. 1986இல் இரண்டு மடங்காக்கினார்கள். ஸ்வீடன் கம்பெனிகளின் பங்கு வியாபாரம் மெல்ல லண்டனுக்கு நகர்ந்தது, 1990 வாக்கில் பாதிக்கும் மேல் அங்கே போய்விட்டது. இதற்கிடையே 1989இல் கடன் பத்திரங்களையும் சேர்த்தார்கள். அதற்கு வரி 0.002, 0.003 சதவீதம்தான், நம் சி.டி.டி.யை விடக் குறைவு. அப்படியும் முதல் வாரத்திலேயே பத்திர வியாபாரம் 85 சதவீதம் விழுந்தது. பத்திர ஃப்யூச்சர்ஸ் 98 சதவீதம் காணாமல் போனது. வருடத்துக்கு 150 கோடி குரோனர் வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது சராசரியாக 5 கோடி. பத்திர வரியை 1990இலும் பங்கு வரியை 1991 கடைசியிலும் எடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எல்லாப் பரிவர்த்தனை வரியும் இப்படித்தான் மண்ணைக் கவ்வும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வியாபாரம் ஓடிப்போன அதே லண்டனில் பங்குகளுக்கு அரை சதவீத முத்திரை வரி இருக்கிறது. அந்த முத்திரை வரியின் வேர் 1694ஆம் வருடத்தில் இருக்கிறது, அரை சதவீதம் என்பது 1986 முதல். அது ஏன் நிற்கிறது என்றால், பிரிட்டிஷார் வரியை வியாபாரம் நடக்கிற இடத்தின் மேல் போடவில்லை, பங்கின் மேல் போட்டார்கள். பிரிட்டிஷ் கம்பெனிப் பங்கை நியூயார்க்கில் உட்கார்ந்து வாங்கினாலும் வரி கட்டினால்தான் பெயர் மாறும். நம் ஊர் நிலப்பதிவு மாதிரி. 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கசக்கிறது என்பதற்காக ஓசூர் மனையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் போய்ப் பதிய முடியுமா?

நிலத்தை நகர்த்த முடியாது, ஆனால் பதிவைத் தள்ளிப்போடலாம். நம் ஆட்கள் அக்ரிமென்ட் மட்டும் போட்டுக்கொண்டு, பவர் வாங்கிக்கொண்டு, கிரயம் முடிக்காமலே அடுத்தவருக்குக் கைமாற்றுவதில்லையா? லண்டன்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பங்கை வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பந்தமாக வாங்கிக்கொள்கிற முறையைப் பெரிதாக வளர்த்துவிட்டார்கள். பங்கு பெயர் மாறவில்லை, அதனால் முத்திரை வரியும் இல்லை. இந்த ஏற்பாட்டை எந்த வக்கீலிடமும் கேட்காமல் பொச்சம்பள்ளி மனைத் தரகர்கள் புரிந்துகொள்வார்கள்.

எதிர்த்திசையில் தைவானைப் பாருங்கள். 1998இல் அவர்கள் தங்கள் குறியீட்டு ஃப்யூச்சர்ஸைத் தொடங்கியபோது வரி 0.05 சதவீதம். தைவான் பங்குகளை வைத்தே ஒரு ஃப்யூச்சர்ஸ் சிங்கப்பூரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 2000இல் தைவான் வரியைப் பாதியாக்கியது, பிறகு படிப்படியாக இறக்கி 2013இல் 0.002 சதவீதத்துக்கு வந்தது. வியாபாரம் உள்ளூரிலேயே தங்கிப் பெருகியது. பக்கத்தில் ராமநகரம் இருந்தால் தருமபுரி அங்காடி இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டு எஸ்.டி.டி. கதை. 2004 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பங்கு விற்ற லாபத்தைப் பலர் கணக்கிலேயே காட்டுவதில்லை. எக்ஸ்சேஞ்சிலேயே பிடித்துவிட்டால் யாரும் தப்ப முடியாது, வசூலிக்கவும் செலவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்துக்கு வரியே கிடையாது என்றார்கள். கொடுத்து வாங்குகிற ஒப்பந்தம், எனக்குப் பிடித்திருந்தது. 2018இல் அந்த லாபத்துக்குப் பத்து சதவீத வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2024 ஜூலையில் அது பன்னிரண்டரை ஆனது. ஆனால் எஸ்.டி.டி.யை எடுக்கவில்லை. இது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பெண் எடுத்துக்கொண்டு, பேசிய மாட்டையும் திருப்பி ஓட்டிக்கொண்டு போன மாதிரி.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று. ஃப்யூச்சர்ஸுக்கு எஸ்.டி.டி. ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மேல் விழுகிறது. ஆப்ஷனுக்கோ 2008இலிருந்து பிரீமியத்தின் மேல் மட்டும். அதற்கு முன், ஆப்ஷனில் குறித்த விலையான ஸ்டிரைக் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஃப்யூச்சர்ஸுக்கு 0.02 சதவீதமும் ஆப்ஷன் பிரீமியத்துக்கு 0.1 சதவீதமும் ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆப்ஷனுக்குத்தான் ஐந்து மடங்கு அதிகம். ஆனால் நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொண்டால், ஃப்யூச்சர்ஸ் விற்கிறவருக்கு வரி 5 புள்ளி, அதாவது ஐந்து ரூபாய். நூறு ரூபாய் பிரீமியம் உள்ள ஆப்ஷன் விற்கிறவருக்கு வரி 10 பைசா. நிஃப்டி ஏறும் என்று நினைக்கிற ஒருவர் எந்தக் கடைக்குப் போவார்? 2026 பட்ஜெட்டில் ஃப்யூச்சர்ஸுக்கு 0.05, ஆப்ஷனுக்கு 0.15 என்று மறுபடி ஏற்றியபோதும் இந்த ஏற்றத்தாழ்வு குறையவில்லை. ஃப்யூச்சர்ஸில் அது பன்னிரண்டரைப் புள்ளி, ஆப்ஷனில் 15 பைசா.

கூட்டத்தை ஆப்ஷன் பக்கம் தள்ளியதில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் முடிவு. செல்போன், வாரந்தோறும் ஒப்பந்தம் முடிகிற காலாவதி, தரகே இல்லை என்ற விளம்பரங்கள் எல்லாம் மேலே ஊற்றிய எண்ணெய். ஒப்பந்த எண்ணிக்கையில் 2019 முதல் நம் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.தான் உலகத்திலேயே பெரிய டெரிவேட்டிவ், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தை. அதில் பெரும்பகுதி ஆப்ஷன். சூதாட்டத்தைக் குறைப்பதாகச் சொல்லி வைக்கிற வரி, சூதாட்டத்துக்கு மிகவும் தோதான பொருளை மலிவாக்கிக் கொடுத்திருக்கிறது.

வரி விதிக்கிற அடிப்படை கோணலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கிளையிலேயே நடந்த ஒன்று. 2017இல், நிஃப்டி பத்தாயிரத்தை ஒட்டி இருந்தபோது, காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் நிஃப்டி ஏறினால் லாபம் தருகிற 'கால்' (call) ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தார். காலாவதி அன்று அது ஆறு ரூபாய் லாபத்தில் முடிந்தது. லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 75, அதனால் 450 ரூபாய் வரவு என்று சந்தோஷமாகப் போனார். மறுநாள் காலையில் கணக்கில் எஸ்.டி.டி. 937 ரூபாய் பிடித்தம். விற்காமல் காலாவதி வரை விட்டால், அன்றைய விதிப்படி முழு மதிப்பான ஏழரை லட்சத்தின் மேல் 0.125 சதவீதம் வரி. மூன்று மணிக்கு அதை விற்றிருந்தால் வரி சில பைசாதான் ஆகியிருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. ஆலை வாசலில் நின்று அரை மணி நேரம் சமாதானம் சொன்னேன், அவர் சமாதானமாகவில்லை. 2019 செப்டம்பரிலிருந்து இந்த விதியை மாற்றி, லாபத் தொகையின் மேல் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

சூதாட்டம் குறையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1972இல் ஜேம்ஸ் டோபின் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நாணயப் பரிமாற்றத்துக்குச் சிறிய வரி போடச் சொன்னார். அளவுக்கு மீறி வழுவழுவென்று ஓடுகிற சக்கரத்தில் கொஞ்சம் மணலைப் போடுவது என்பது அவர் சொன்ன உவமை. யோசனை அழகானது. சிக்கல் என்னவென்றால், மணல் ஆளைப் பார்த்து விழுவதில்லை. ஒரே நாளில் பணம் இரட்டிக்க வேண்டும் என்று வருகிறவன் 15 பைசா வரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு ரூபாய் லாபத்துக்கு நிற்கிறவன்தான் எழுந்து போவான். பொறுமைசாலி போய் அவசரக்காரன் மிஞ்சினால் சந்தை அமைதியாகுமா?

ஸ்வீடனில் அந்த வரிக் காலத்தை ஆராய்ந்தவர்கள் விலைத் துள்ளல் குறையவில்லை என்றுதான் கண்டார்கள். சீனா 2007 மே 30 அன்று முத்திரை வரியை 0.1இலிருந்து 0.3 சதவீதமாக ஏற்றியது. அன்று ஷாங்காய் சந்தை ஆறு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்புறம் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, அக்டோபரில் ஆறாயிரத்தைத் தாண்டி உச்சிக்குப் போய், அங்கிருந்து உருண்டது. பித்துப் பிடித்தவனுக்கு மூன்று மடங்கு வரி ஒரு நாள் பயம்தான்.

நம் நாட்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி எடுத்த கணக்கில், 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்கள் செலவாகவே கட்டியது சுமார் 50,000 கோடி, அதில் பாதி புரோக்கர்களுக்குப் போன தரகு, ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம். எஸ்.டி.டி. மிச்சத்தில் ஒரு பகுதிதான். ஆகவே உங்கள் பணம் எங்கே போகிறது என்று தேடினால் வரியில் தேடாதீர்கள். வரியை எடுத்துவிட்டாலும் அந்த 93 பேரில் பெரும்பாலானவர்கள் அங்கேயேதான் நின்றிருப்பார்கள். ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சமாக்கியது, ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு வாரத்தில் ஒரே ஒரு குறியீட்டுக் காலாவதி என்று கட்டுப்படுத்தியது என 2024 அக்டோபரில் செபி அறிவித்தவைதான் நேராகப் பிரச்சினையின் மேல் கை வைத்தவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வரியே கிடையாது, பில் கிடையாது, கைப்பணத்தைப் போலப் பல மடங்குக்கு வியாபாரம் செய்ய லெவரேஜ் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது வருவார்கள். டப்பா வர்த்தகம் என்பார்கள். திரையில் அதே எம்.சி.எக்ஸ் விலைதான் ஓடும், ஆனால் உங்கள் ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்கே போகாது. நீங்கள் தோற்றால் அவர் சிரிப்பார், ஜெயித்தால் போனை எடுக்கமாட்டார். சட்டவிரோதம் என்பதால் போலீசுக்கும் போக முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்வீடன்காரர்களுக்கு வரிக்குத் தப்ப லண்டன் இருந்தது, நம் ஆட்களுக்கு வாய்த்தது இதுதான். வரியை ஏற்றும்போதெல்லாம் இந்தக் கடைக்குக் கூட்டம் சேருவதை டெல்லியில் யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

என் நிலை என்ன என்று கேட்டால்: பங்கை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு 0.1 சதவீத எஸ்.டி.டி. ஒரு பாரமே இல்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும். சி.டி.டி.யை எடுத்துவிடலாம். நகைக்கடைக்காரரும் செம்பு, அலுமினியம் வாங்குகிற ஓசூர்ப் பட்டறைக்காரரும் விலை ஆபத்தைத் தாண்ட வருகிற இடம் அது. அங்கே ஆள் நடமாட்டம் குறைந்தால் அவர்களுக்குத்தான் செலவு. ஃப்யூச்சர்ஸுக்கும் ஆப்ஷனுக்கும் வரிப் பளு சமமாக வரும்படி அடிப்படையை மாற்ற வேண்டும். இது நடக்குமா என்றால், எளிதாக வருகிற வரவை எந்த நிதியமைச்சர் விடுவார்?

உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு வேலை சொல்கிறேன். தங்கம் மினி நூறு கிராம். பத்து கிராம் லட்ச ரூபாய் என்றால் விற்கும்போது சி.டி.டி. நூறு ரூபாய், அதாவது பத்து கிராமுக்குப் பத்து ரூபாய் நகர்ந்தால்தான் வரியே கழியும். தரகு, ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை எல்லாம் அதற்கு மேல். போன மூன்று மாதக் கான்ட்ராக்ட் நோட்டுகளை எடுத்து, ஒரு சுற்றுக்குச் சராசரியாக எவ்வளவு சம்பாதித்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று மண்டிப் பேரேட்டில் எழுதுகிற மாதிரி இரண்டு பத்தியாக எழுதுங்கள். இன்னொன்று, இந்த வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டினால் கட்டிய எஸ்.டி.டி.யையும் சி.டி.டி.யையும் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், மூலதன லாபமாகக் காட்டினால் எஸ்.டி.டி.யைக் கழிக்க முடியாது. மண்டிக் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டரிடமே அந்த நோட்டுகளையும் கொடுத்துவிடுங்கள். பலர் அதைக் கொடுக்க வெட்கப்பட்டு மறைத்து வைத்துக்கொண்டு, கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.